திருடுபோன ஒன்பது மைல்

எழுபத்து நான்காம் அளவு முளைக்கு அடுத்த அடி ஆகாயத்தில் இருந்தது.

ஹார்கிரீவ் துரையின் பூட்ஸ் நுனி பட்டு ஒரு கல் உருண்டது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அது கீழே விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

"அம்பலவாணன்," துரை திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "இதுதான் நீ கண்டுபிடித்த சாரட்டுப் பாதையா? குதிரைகளுக்குச் சிறகு கட்டச் சொல்கிறாயா?"

ஓவர்சியர் அம்பலவாணன் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். அடிவாரத்து வரட்டாற்றிலிருந்து மலையுச்சி முகிலடுக்கம் வரை பன்னிரண்டு மைல். சாரட்டு ஏற வேண்டுமென்றால் இருபதடி தூரத்துக்கு ஓரடிக்கு மேல் ஏற்றம் கூடாது. ஏழு மாதம் அட்டைக்கடியிலும் குளிர்க்காய்ச்சலிலும் அலைந்து அப்படி ஒரு வழியை அவன் கண்டுபிடித்திருந்தான். மைலுக்கு இருபது முளை அடித்தான். செலவு ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய் என்று மதிப்பீடும் போட்டான். போட்டிக்கு இருந்த வடக்கு வழி பத்தொன்பது மைல், இரண்டு லட்சத்து இருபதாயிரம்!

"துரை அவர்களே, நான் அடித்த முளை இங்கே இல்லை. அறுபதாம் முளை வரைக்கும் சரி. அதற்கு மேல் யாரோ பிடுங்கி இந்தப் பக்கம் நட்டிருக்கிறார்கள்."

"உன் அளவுப் புத்தகம்?"

"பத்து நாளைக்கு முன்னே கூடாரம் எரிந்தது. புத்தகம் இருந்த தகரப்பெட்டி சாம்பலில்கூடக் கிடைக்கவில்லை."

"ரொம்பச் சௌகரியமான தீ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஜமீன் ஏஜெண்டு நல்லபெருமாள்! வடக்கு வழி நெடுக ஒரு வருஷமாக அவர் சத்தமில்லாமல் நிலம் வாங்கிப் போடுவது அடிவாரத்தில் எல்லோருக்கும் தெரியும். துரைக்கு மட்டும் தெரியாது.

துரை கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நான் மதராஸுக்குக் குதிரை ஏறுவேன். அதற்குள் உன் வழியை மண்ணில் காட்டு. காகிதத்தில் வேண்டாம், மண்ணில்! இல்லாவிட்டால், இல்லாத பாதைக்கு ஏழு மாதம் சர்க்கார் பணம் தின்றதாக உன்னைப் போலீஸில் ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன்."

கூட்டம் கலைந்தது. அம்பலவாணன் பக்கத்தில் நின்றது ஒரே ஓர் ஆள். தோளில் அறுபத்தாறடி இரும்புச் சங்கிலியும் அதன்மேல் கம்பளியுமாக, சங்கிலிக்காரர் மீராக்கனி.

"ஆடு திருடுவான், மாடு திருடுவான்," என்றார் மீராக்கனி, தாடியைச் சொறிந்தபடி. "இன்னும் போடாத ரோட்டைத் திருடினவனை இன்னிக்குத்தான்யா பாக்கறேன்."

அறுபதாம் முளையிலிருந்து இருவரும் மண்டியிட்டுத் தேடினார்கள். பழைய முளைக்குழி ஒன்றாவது அகப்படுமா? அகப்படவில்லை. பிடுங்கினவன் குழியை மண் போட்டு மிதித்து, சருகைப் பரப்பி, நிதானமாகத்தான் வேலை செய்திருந்தான். அதன்மேல் பெய்த மழை மிச்சத்தையும் முடித்துவிட்டது. இடுப்பளவு புல், முகத்தில் அறையும் கொடி.

"மறுபடி அளந்தா என்னங்கய்யா?"

"ஆறு வாரமாகும். மட்டக் கருவியையும் துரை வாங்கி வைத்துக்கொண்டார்." அம்பலவாணன் சட்டென்று நிமிர்ந்தான். "மீராக்கனி! சோதனைக் குழி!"

அரை மைலுக்கு ஒரு குழி வெட்டியிருந்தார்கள். அடியில் இருப்பது மண்ணா, பாறையா என்று பார்க்காமல் செலவு போட முடியாது. மண்ணென்றால் கன கஜத்துக்கு மூன்றணா. வெடி வைக்க வேண்டிய பாறையென்றால் ஒரு ரூபாய்க்குமேல். முதல் மூன்று மைலின் ஆறு குழிகளை அவனே அளந்து மூடினான். மீதி ஒன்பது மைலில் பதினெட்டுக் குழிகள். அங்கே வெட்டும்போதே மண்ணைப் பார்த்துச் செலவு போட்டிருந்தான்.

"அதுதான் மூடியாச்சே," என்றார் மீராக்கனி.

"வெட்டினவர்களுக்கு இடம் ஞாபகம் இருக்காதா? ஓடு!"

வரட்டாற்றங்கரையில் ஒட்டர் கூட்டம் பாத்திரங்களைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டிருந்தது. கல் உடைப்பதும் மண் வெட்டுவதுமே அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். கூட்டத்துக்குத் தலைவி நரசம்மா. கடப்பாறையை ஊன்றிக்கொண்டு நின்றவள் அம்பலவாணனைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள்.

"ஏஞ்சாமி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? குழி அளக்க வர்றேன்னு சொல்லிட்டுப் போனே. ரெண்டு அமாவாசை போயிருச்சு. நாங்க வேற வேலை பாத்துக் கெளம்பறோம்."

"தப்புத்தான் நரசம்மா. காய்ச்சலில் படுத்துவிட்டேன். இப்போது ஓர் உதவி. பதினெட்டுக் குழியும் எங்கே இருந்தது, மூடின இடத்தில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா..."

"மூடினதா? எவன் மூடினான்?"

அம்பலவாணன் திகைத்தான். "நான்தானே மூடச் சொன்னேன்! நான் வரத் தாமதமானாலும் மூடிவிடு, மாடு விழுந்து சாகும் என்றேனே! நீயும் தலையாட்டினாயே! எல்லாம் மூடியாச்சு என்று புத்தகத்தில்கூட எழுதிவிட்டேன்!"

"எழுதினே. வந்து பாத்தியா?"

நரசம்மா கடப்பாறையால் தரையை ஓர் இடி இடித்தாள்.

"அளக்காத குழிய எந்த ஒட்டன் சாமி மூடுவான்? உள்ளாற சாட்சி நிக்குது. மாடு விழக்கூடாதுன்னுதானே சொன்னே? மேல கழியப் பரப்பி, தழைய வெட்டிப் போட்டு மூடினோம். மண்ணப் போட்டு மூடல."

சாட்சி! குழி வெட்டும்போது நடுவே ஒரு சிறு மண்தூணை மட்டும் வெட்டாமல் விட்டுவைப்பார்கள். அதன் தலையில் பழைய தரையின் புல் அப்படியே இருக்கும். தரை எங்கே இருந்தது, எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. மேல் அதிகாரி வந்து அளந்துவிட்டு முதல் கொத்துப் போடுகிறவரை எந்த ஒட்டரும் சாட்சியின்மேல் கை வைக்கமாட்டார். அம்பலவாணனுக்குத் தெரிந்த வழக்கந்தான். படித்தவனுக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவன் மீராக்கனியின் தோளைப் பிடித்து உலுக்கினான். "மீராக்கனி! முளையைப் பிடுங்கலாம், நகர்த்தலாம். குழியை எப்படி நகர்த்துவான்? புத்தகத்தைத் திருடினவன் 'மூடியாச்சு' என்று படித்திருப்பான். நம்பியிருப்பான்!"

"நீங்க எழுதினா நானே நம்புவேனே ஐயா," என்றார் மீராக்கனி பெருமையாக.

நரசம்மா கடப்பாறையைத் தோளில் போட்டாள். "வர்றேன். ஆனா ஒண்ணு. தொரையே எறங்கி டேப்பு புடிச்சு அளக்கணும். சம்மதமா?"

"சம்மதம்!"

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மலை முழுக்கப் பனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நரசம்மாவுக்கு இடம் தெரியும். ஆனால் காடு அதற்குள் வேறு முகம் மாட்டிக்கொண்டிருந்தது. அம்பலவாணன் மூங்கிலை வெட்டினான். இரண்டு கால், நடுவே ஒரு குறுக்குக் கழி, உச்சியிலிருந்து நூலில் ஒரு தூக்குக்குண்டு. இருபதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் நூல் எங்கே தொங்குமோ அந்த இடத்தில் கத்தியால் ஒரு வெட்டு. நூல் வெட்டைத் தொட்டால் சரியான வழி, விலகினால் தப்பு. துரை கருவியை வாங்கிக்கொண்டால் என்ன!

அறுபதாம் முளையிலிருந்து கிளம்பினார்கள். மீராக்கனி சங்கிலியை இழுத்து இழுத்து எண்ணினார். முப்பத்தேழு... முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது...

"நாற்பது! இங்கே இருக்கணும்யா! எங்கே..."

அம்பலவாணன் ஓரடி முன்னால் வைத்தான். காலுக்குக் கீழே தரை மடாரென்று உடைந்தது!

"ஐயா!"

ஆறடி ஆழத்திலிருந்து ஓர் இருமல் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. தழையும் கழியுமாகக் கிடந்தவன் கையை நீட்டித் தடவினான். பக்கத்தில், ஈரச் செம்மண்ணில், ஆளுயரத் தூண். அதன் தலையில் குடுமி மாதிரி ஒரு கொத்துப் புல்.

"ஏழாம் குழி!" என்று கத்தினான் அம்பலவாணன்.

"பாத்துத் தொடு சாமி!" என்று மேலிருந்து அதட்டினாள் நரசம்மா. "சாட்சி ஒடஞ்சா ஒன்னைய ஒடச்சுப்புடுவேன்."

அதன்பிறகு காட்டில் நடப்பது எளிதாயிற்று. நரசம்மா முன்னே போய்க் கடப்பாறையால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்தாள். நூலும் வெட்டும் அவள் போக்கைச் சரி என்று சொல்லின. எட்டு, ஒன்பது, பத்து! ஒவ்வொன்றின் பக்கத்திலும் மரக்கிளையில் சிவப்புத் துணி பறந்தது. நண்பகலில் மேலே பனி கொஞ்சம் விலக, பத்தாம் குழியருகே உட்கார்ந்து அவலைப் பிரித்தபோதுதான் மீராக்கனி மூக்கைச் சுளித்தார்.

"புகை வாடை வரலை?"

திரும்பிப் பார்த்தார்கள். கீழே சரிவில், பனிக்கு மேலே எழும்பி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இடத்தில் கரும்புகை! ஏழாம் குழி. எட்டாம் குழி!

மீராக்கனி குனிந்து பதுங்கி இறங்கினார். அரைமணியில் மூச்சிரைக்கத் திரும்பினார்.

"ஏஜெண்டும் மூணு ஆளும். சிவப்புத் துணிய அவிழ்த்துக்கிறானுக. தழையக் கொளுத்துறானுக. சாட்சிய இடிச்சு, குழிய மண்ணப் போட்டு மூடுறானுக. இப்ப ஒன்பதுல நிக்கிறானுக. அடுத்தது இதுதான்!"

அம்பலவாணன் தலையில் கை வைத்தான். அவன் தேடத் தேட, எதிரிக்கு வழி காட்டிக்கொண்டிருந்திருக்கிறான்! தேடாவிட்டால் சிறை. தேடினால் சாட்சி போச்சு.

"நாலு பேரை நாம் மூன்று பேர் அடிக்கவா முடியும்?"

"அடிக்க வேணாம்யா," என்றார் மீராக்கனி. குரலில் கேலி போயிருந்தது. "அவனுக நம்மளைக் கண்ணால பாத்து வரலை. கீழ இன்னும் பனி, எப்படிப் பாப்பான்? என் சங்கிலிச் சத்தத்தைக் கேட்டுத்தான் வர்றான். சத்தம் வேற பக்கம் போனா?"

"எங்கே?"

மீராக்கனி மேற்கே காட்டினார். பனிக்கு நடுவே கறுத்த பாறைச் சுவர் ஒன்று தெரிந்தது. அதன் நெற்றியில் முறம் முறமாகத் தொங்கின மலைத்தேனடைகள்.

"தேன்பாறைக்கா? கிறுக்கா உனக்கு?" நரசம்மா அதட்டினாள். "புகை பட்டுச்சுன்னா ஒரு ஈ பாக்கியில்லாம எறங்கும்!"

"அவனுகதானே புகை போடப் போறானுக? நான் ஒரு தழைக் குவியலும் சிவப்புத் துணியும் வெச்சுட்டு ஓடைக்குள்ள எறங்கிருவேன். நிழல் கிழக்கே ரெண்டு முழம் விழறதுக்குள்ள பதினோராம் குழிக்கு வந்து சேர்றேன். அவல்ல எம்பங்கு இருக்கட்டும்!"

சொல்லி முடிக்குமுன் போய்விட்டார். கிளிங், கிளிங், கிளிங் என்று சங்கிலிச் சத்தம் மேற்கே நகர்ந்தது. சிறிது நேரத்தில், கீழே மிதிபடும் சருகுச் சத்தமும் அதே பக்கம் திரும்பியது.

அம்பலவாணனும் நரசம்மாவும் மூச்சுவிடாமல் மேலே ஏறினார்கள். பதினோராம் குழி கிடைத்தது. சாட்சி பத்திரம்! அதே சமயம் மேற்கிலிருந்து ஒரு சத்தம் புறப்பட்டது. முதலில் தூரத்து அருவி போல. பிறகு நூறு ராட்டினம் சேர்ந்து சுற்றுவதுபோல. அதற்குள்ளே மனிதர்களின் அலறல்.

நிழல் இரண்டு முழம் விழுந்தது. மூன்று முழமும் விழுந்தது. மீராக்கனி வரவில்லை.

"இன்னும் பதிமூணு குழி இருக்கு சாமி," என்றாள் நரசம்மா, அவன் முகத்தைப் பார்க்காமல். "நாளைக்குப் பன்னெண்டு மணி."

அம்பலவாணன் மூங்கில் மட்டத்தைப் பார்த்தான். மேலே ஏறும் சரிவைப் பார்த்தான். கை விலங்கு கண்ணுக்கு முன்னால் வந்து போனது. பிறகு மட்டத்தைக் கீழே போட்டான்.

"குழி நாளைக்கும் இருக்கும். அவர் இருப்பாரா?"

மேற்கே ஓடினான்!

தேன்பாறைக்கு நூறு கஜம் இருக்கும்போதே ஈக்கள் காதோரம் சீறின. தலைப்பாகையைப் பிரித்து முகத்தில் சுற்றிக்கொண்டான். எரிந்து அணைந்த தழைக் குவியல், விட்டெறிந்த மண்வெட்டிகள், ஒற்றைச் செருப்பு. ஆட்களைக் காணோம். "மீராக்கனி!" என்று கத்த வாயைத் திறந்தான், உதட்டில் நெருப்புக்கோல் வைத்தாற்போல் ஒரு கொட்டு. ஓடைக்குள் சறுக்கி இறங்கினான். தண்ணீரோரம் நனைந்த கம்பளி மூட்டை ஒன்று கிடந்தது. மூட்டைக்கு வெளியே சங்கிலியின் ஒரு முனை.

கம்பளியைத் தூக்கினான். மீராக்கனியின் ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. மற்றது வீக்கத்துக்குள் புதைந்திருந்தது.

"கால் பிசகிருச்சுங்கய்யா," என்று முனகினார். "பாறை வழுக்கிருச்சு. ஆனா அவனுக ஓடின ஓட்டம் இருக்கே... ஏஜெண்டு வேட்டியத் தலையில போட்டுக்கிட்டு... யா அல்லா, சிரிச்சா வலிக்குது!"

அம்பலவாணன் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டான். சங்கிலியை விட மீராக்கனி சம்மதிக்கவில்லை. ஆளும் இரும்புமாகச் சுமந்து அறுபதாம் முளைக்கு இறங்கி வந்தபோது வெள்ளிக்கிழமை முடிந்திருந்தது.

சனிக்கிழமை. மணி பதினொன்றே முக்கால்.

அறுபதாம் முளையருகே துரையின் கூடாரத்தைச் சுருட்டியாகிவிட்டது. இரண்டு போலீஸ்காரர்கள் வந்திருந்தார்கள். அம்பலவாணன் சொன்னதை எல்லாம் துரை கேட்டார். கேட்டுக்கொண்டே சேணத்தை இறுக்கினார்.

"நான்கு குழி பார்த்தாய். மூன்றை இடித்துவிட்டார்கள் என்கிறாய். பிறகு ஒன்று பார்த்தாய். மீதி பதிமூன்று?"

"பார்க்கவில்லை, துரை."

"கட்டுக்கதை!" என்றார் நல்லபெருமாள். தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். கண் மட்டுந்தான் வெளியே தெரிந்தது. அதுவும் சரியாகத் தெரியவில்லை. "இரண்டு நாளாகப் பல்வலி. அதோடு எழுந்து வந்திருக்கிறேன், இந்தப் பொய்யைக் கேட்க!"

துரை ஒரு காலைச் சேணத்தின் கால்வளையத்தில் வைத்தார்.

"துரையே!" மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மீராக்கனி குரல் கொடுத்தார். பூசணிக்காய் மாதிரி வீங்கிய முகத்தை வெயிலுக்குத் திருப்பினார். "எனக்கும் அதே பல்வலிதான். நேத்து மத்தியானம் தேன்பாறையில வந்துச்சு. அய்யாவும் துண்ட அவுக்கட்டும். ரெண்டு பேர் பல்லும் ஒரே மாதிரி வலிக்குதான்னு துரை பாக்கட்டும்!"

துரை வளையத்திலிருந்து காலை எடுத்தார். நல்லபெருமாளின் அருகே போய், சவுக்கின் நுனியால் துண்டை மெல்லத் தூக்கினார். கன்னத்தில் பத்துப் பன்னிரண்டு தடிப்புகள். ஒன்றில் கொடுக்குகூட இன்னும் எடுக்கப்படாமல் நின்றது.

"இப்படிப்பட்ட பல்வலியை நான் பார்த்ததில்லை," என்றார் துரை. "மட்டக் கருவியைக் கொண்டு வாருங்கள். குதிரை நிற்கட்டும்."

அப்போதுதான் மேலேயிருந்து கடப்பாறை ஊன்றும் சத்தம் கேட்டது. நரசம்மா! கால் முழுக்க முள் கிழித்த கோடுகள். சேலைத் தலைப்பு முழங்கை அளவுகூட மிச்சமில்லை.

"பன்னெண்டுலேர்ந்து இருபத்துநாலு வரைக்கும் பாத்துட்டேன் சாமி," என்றாள். "பதிமூணு சாட்சியும் நிக்குது. ஒன் துணி தீந்துபோச்சு. எஞ்சேலையக் கிழிச்சுக் கட்டினேன். புதுசு வாங்கித் தந்துரு."

இரண்டு மைல் நடந்தார்கள். வழியில் மூன்று இடத்தில் சாம்பலும் புதுமண்ணும் இருந்தன. துரை ஒவ்வொன்றிலும் நின்று புதுமண்ணைக் காலால் கிளறினார். "ஆளில்லாத காட்டில், என் பரிசோதனைக்கு முந்தின நாள், அவசரமாகக் குழி மூடியது யார்?" என்று ஒரு தடவைதான் கேட்டார். நல்லபெருமாளைப் பார்த்துக் கேட்கவில்லை. போலீஸ்காரர்களைப் பார்த்துக் கேட்டார். அவர்களில் ஒருவர் நல்லபெருமாளை ஒட்டி நடக்க ஆரம்பித்தார்.

பத்தாம் குழியில் துரை பூட்ஸோடு இறங்கினார். நரசம்மா டேப்பின் ஒரு முனையைச் சாட்சியின் தலையில் பிடித்தாள். ஆறடி. அடிவரைக்கும் சரளை கலந்த செம்மண், பாறை இல்லை. மூன்றணாக் கணக்கு சரி! பிறகு கருவியை நிறுத்தி, பதினோராம் குழிவரை மட்டம் பார்த்தார்கள். துரை எண்களைக் கூட்டினார். இன்னொரு தரமும் கூட்டினார்.

"இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பதடிக்கு நூற்று முப்பத்திரண்டடி ஏற்றம்." அவர் தொப்பியைக் கழற்றினார். "இருபதுக்கு ஒன்று. கிழவிகூடச் சாரட்டில் தூங்கிக்கொண்டே போகலாம்! உன் மதிப்பீடு என்னோடு மதராஸ் வருகிறது."

மீராக்கனியைச் சுமந்து வந்த ஆட்கள் ஹோவென்று கூவினார்கள். அம்பலவாணன் மட்டும் அசையவில்லை.

"துரை அவர்களே, ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் குழிகளை மூடியாகிவிட்டது என்று புத்தகத்தில் எழுதினது நான்தான். வந்து பார்க்காமல் எழுதினேன்."

கூவல் அடங்கியது. துரை அவனை உற்றுப் பார்த்தார்.

"அந்தப் பொய்தான் உன்னைக் காப்பாற்றியிருக்கிறது. இன்னொரு தரம் காப்பாற்றாது. பதினைந்து குழியையும் நீயே நடந்து, நீயே இறங்கி அளந்து, புதுப் புத்தகம் எழுது. அதற்குப் பிறகுதான் முதல் வெடி."

துரை போனபின் நரசம்மா கடப்பாறையை நீட்டினாள். "அளந்தாச்சு. மொதக் கொத்து ஒன்னோடது."

அம்பலவாணன் குழிக்குள் இறங்கினான். சாட்சியின் தலையில் பனித்துளியோடு நின்ற புல்லைப் பார்த்தான். "இது என்னைச் சிறையிலிருந்து மீட்டது, நரசம்மா. இந்த ஒன்று மட்டும் இப்படியே இருக்கட்டுமே."

"அளந்தப்புறமும் நிக்கவெச்சா எங்களுக்கு அடுத்த வேலை வராது சாமி. சாட்சி சொல்லி முடிச்சுருச்சு. வீட்டுக்கு அனுப்பு."

அவன் கடப்பாறையை ஓங்கினான். மண்தூண் சரிந்தது.

"ஒன்று!" என்று மேலிருந்து எண்ணினார் மீராக்கனி, ஒற்றைக் கண்ணைச் சிமிட்டியபடி. "இன்னும் பதினாலு இருக்குங்கய்யா. சீக்கிரம் ஏறி வாங்க. என்னையத் தூக்கிக்கிட்டுத்தான் போவணும்!"